மெத்தைக் கடைக்காரர் கேட்ட புகைபோக்கி

உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. அந்தப் பை என்னோடதுதான், மடியில வச்சுக்கிடுதேன். நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துட்டு. "எல்லாம் கிடைக்கும்மா, கருவேப்பிலைதான் கிடைக்கல"ன்னு சொன்னீங்கல்லா? அதக் கேட்டப்புறம் எப்படி அந்தக் கோடியிலயே உக்காந்திருக்கது? மெதுவாத்தான் பேசுவேன், பயப்படாதீங்க. ரயில்ல சத்தமாப் பேசினா இவங்களுக்கு ஆகாது. திட்ட மாட்டாங்க. ஒருதரம் பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிடுவாங்க. அதுக்குத் திட்டிட்டாலும் பரவாயில்லன்னு இருக்கும்.

நமக்குச் சாயர்புரம். தூத்துக்குடி பக்கம். நீங்க ஈரோடா, சரி. பேரு ஞானதிரவியம். இங்க யாரு வாயிலயும் நுழையாது. "நியானா சான்"ம்பாங்க. சான்னா நம்ம ஊர் அண்ணாச்சி மாதிரி. இந்த ஊர்ல பூனை "நியா"ன்னுதான் கத்துமாம். அதனால சின்னப் பிள்ளைங்க என் பேரக் கேட்டாச் சிரிக்கும். சிரிக்கட்டும், நமக்கென்ன.

எங்க போறேன்னா கேக்கீங்க? சண்டை போடப் போறேன்.

சிரிக்காதீங்க. நிசமாத்தான். கடக்கரை ஓரமா ஒரு ஊர்ல எங்க பழைய வீட்டுக்காரர் இருக்காரு. வீட்டுக்காரர்னா கடைக்கு. தொகிதா சான்னு பேரு. அவர நேர்ல பாத்து நாலு வார்த்தை கேக்கணும். ஒரு வருசமா மனசுலயே வச்சிருக்கேன். என் சம்சாரம் பியூலா, "போறதுதான் போறீங்க, நன்றி சொல்லிட்டு வாங்க"ங்கா. நன்றி சொல்ல யாராவது இம்புட்டு தூரம் ரயில் ஏறுவாங்களா? சண்டைன்னா ஏறுவாங்க.

நீங்களே கேட்டுச் சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்னு.

ஹிராமுரே ஸ்டேஷன் இருக்குல்லா, நான் ஏறினேனே, அதுக்கு எதிர்ல இப்போ கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு நிக்கும். அந்த எடத்துல முன்னாடி ஒரு கடைத்தெரு. தெரு நீளத்துக்கும் மேல கூரை போட்டிருக்கும். மழை பெஞ்சா வெளிய விட அந்தக் கூரைக்கு அடியிலதான் அதிகமா நனைவோம். செருப்புக் கடை, டீத்தூள் கடை, பொம்பளைங்களுக்கு முடி சுருட்டி விடுத கடை, இப்படி. இப்போ அந்தத் தெருவோட போட்டோவ மாட்டி வச்சுக்கிட்டு ஐயோ போச்சேங்காங்க. இருந்தப்போ ஒருத்தரும் வந்து ஒரு ஜோடி செருப்பு வாங்கினதில்ல. நான் பாத்ததச் சொல்லுதேன்.

அதுல என் தோசைக் கடை. பக்கத்துச் சுவரு தொகிதா சானோட மெத்தைக் கடை. ரெண்டும் ஒரே கட்டடம், அவருக்குச் சொந்தம். மெத்தைன்னா தரையில விரிச்சுப் படுத்துட்டுக் காலையில மடிச்சு வைப்பாங்கல்லா, அந்தப் பஞ்சு மெத்தை. நீங்களும் அதுலதான் படுக்கீங்களா? இடுப்பு வலிக்குமே? பழகிரும்.

இப்போ நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் பஞ்சு. மறுபக்கம் நான் கடுகு, காயம், வத்தல் போட்டுத் தாளிக்கேன். பஞ்சு சும்மா இருக்குமா? எல்லா வாடையும் உள்ள இழுத்துக்கிடும். ஒரு அம்மா தலையணை வாங்கிட்டுப் போயி மறுவாரம் திருப்பிக் கொண்டாந்துட்டா. "இதுல படுத்தா எம் புருசனுக்குப் பசிக்குதாம், எந்திரிச்சுப் போயி எதையாவது திங்காரு"ன்னுருக்கா. தொகிதா சான் அந்தத் தலையணையத் தூக்கிட்டு நேர என் கடைக்கு வந்தாரு. கல்லா மேல வச்சாரு. மோந்து பாருன்னு சைகை காட்டினாரு. பாத்தேன். சாம்பார்தான். இல்லைன்னு சொல்ல முடியாது.

அதுலேருந்து தினமும் கடை திறந்ததும் வந்து வாசல்ல நிப்பாரு. மூக்க ஒருதரம் உறிஞ்சுவாரு. "இன்னைக்குமா?"ம்பாரு. "இன்னைக்கும்தான்"ம்பேன். போயிருவாரு. வருசக்கணக்கா இதே பேச்சுதான் எங்களுக்குள்ள. வேற ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு பிடிக்காதவரு எடத்த ஏன் வாடகைக்கு விட்டாருன்னு கேப்பீங்க. அவரு விடல. அவரு சம்சாரம் சுமியே அம்மாதான் விட்டது. அந்தம்மா சொன்னா அவரு மறுபேச்சு பேச மாட்டாரு.

அந்தம்மா தங்கம். வயித்துல கட்டி வந்து படுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில இருந்து, போதும்னு வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. கடைக்கு மேலதான் வீடு. எதத் தின்னாலும் வாந்தி. ஒருநா தொகிதா சான் வாராரு. வழக்கம் போல "இன்னைக்குமா"ன்னு கேப்பாருன்னு பாத்தா, தரையப் பாத்துக்கிட்டே, "அவ அந்த வாடை என்னன்னு கேக்கா"ங்காரு. நான் ரசம் தாளிச்சிருந்தேன். தெளிவா இறுத்து, காரமில்லாம, சோத்தக் குழையக் கரைச்சு ஒரு கிண்ணத்துல கொடுத்தேன். பின்வாசல் வழியா அவரே ஏந்திட்டுப் போனாரு. அது வாந்தியாகல. அதுக்கப்புறம் தினமும் நானே கொண்டுபோயிக் கொடுப்பேன். பெரிய காரியம் ஒண்ணுமில்ல தம்பி. எப்படியும் அடுப்புல ரசம் இருக்கப் போவுது. ஒரு கரண்டி எடுத்து வைக்க என்ன கஷ்டம். அந்தம்மா கண்ண மூடுத வரைக்கும் கொடுத்தேன்.

இவரு வாயத் திறந்து ஒரு வார்த்தை? கிடையாது. கிண்ணத்தக் கழுவி, உள்ள ஒரு பழத்த வச்சுத் திருப்பித் தருவாரு. ஆரஞ்சு இருந்தா ஆரஞ்சு. இல்லன்னா பேரு தெரியாத பழம் என்னமோ.

சாவுக்கு நானும் பியூலாவும் போனோம். முடிஞ்சு வந்து யோசிச்சேன். பாவம், துக்க வீடு, இவருக்கு இனிமேயாவது நம்ம தொந்தரவு வேண்டாம்னு புகைய இழுக்க ஒரு நல்ல மிஷினா வாங்கி மாட்டினேன். வாடை அந்தாண்ட தெருவுக்குப் போயிரும். மறுநா காலையில வந்து நிக்காரு. மூக்க உறிஞ்சுதாரு. திரும்ப உறிஞ்சுதாரு. "இன்னைக்கு வாடை வரலியே"ங்காரு. மிஷின் மாட்டிட்டேன்னு பெருமையாச் சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டாரு. வந்தாலும் குத்தம், வராட்டாலும் குத்தம். இந்த மனுசன என்ன செய்ய, சொல்லுங்க. நான் கோவத்துல மிஷின நிறுத்தியே வச்சுட்டேன். அதுக்கப்புறம் பழையபடி "இன்னைக்குமா"ன்னு ஆரம்பிச்சுட்டாரு. அப்படியொரு ஆளு.

இப்படி இருக்கயிலதான் தெருவ இடிக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துது.

பேச்சு ரொம்ப காலமா உண்டு. இந்தத் தடவை நிசமாயிட்டு. ஒரு கம்பெனிக்காரங்க வந்தாங்க. ஓக்குபோன்னு ஒரு பையன், கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு எந்நேரமும் சிரிச்ச மூஞ்சி. ஸ்டேஷன் பக்கத்து ஹால்ல ஒரு பெட்டிக்குள்ள புதுக் கட்டடத்தச் சின்னதாச் செஞ்சு வச்சிருந்தான். குட்டி மரம், குட்டி மனுசங்க, குட்டி நாய். எல்லாம் வெள்ளை. நான் குனிஞ்சு குனிஞ்சு தேடினேன், தோசைக் கடை இருக்கான்னு. நாய் இருக்கு, நான் இல்ல.

விசயம் என்னன்னா, எடத்துக்குச் சொந்தக்காரங்களுக்கு ரெண்டு வழி. பணத்த வாங்கிட்டுப் போயிரலாம். இல்லன்னா புதுக் கட்டடத்துல அதுக்குத் தக்க ஒரு எடத்த வாங்கிக்கிடலாம். வீட்டுக்காரர் எடம் வாங்கினா வாடகைக்கு இருக்கவன் அதுல தொடரலாம். அவர் பணம் வாங்கிட்டுப் போனா வாடகைக்காரன் கதை முடிஞ்சுது, ஏதோ சாமான் ஏத்துத செலவு கொடுத்து அனுப்பிருவாங்க. ஆக என் பொழப்பு தொகிதா சான் கையில. விளங்குதா?

கடைத்தெருவுல முக்காவாசி வயசாளிங்க. பிள்ளைங்க யாரும் கடைக்கு வரப்போறதில்ல. பணமே போதும்னுட்டாங்க. தொகிதா சானும் அப்படித்தான் போவாருன்னு ஊரே சொல்லிச்சு. எழுவத்தஞ்சு தாண்டின மனுசன், சம்சாரம் இல்ல, ஒரே மக கடக்கரை ஊர்ல இருந்துக்கிட்டு, "பணத்த வாங்கிட்டு எங்கூட வந்துருங்கப்பா"ன்னு போன் மேல போன் போடுதா. மெத்தை யாரு வாங்குதா இப்போ? எல்லாம் கட்டிலுக்குப் போயாச்சு. நானும் பியூலாவும் பாத்திரத்த எங்க கொண்டுபோயி வைக்கன்னு பேச ஆரம்பிச்சுட்டோம். எனக்கும் வயசாயிட்டு தம்பி, இன்னொரு ஊர்ல போயி, இது சட்னி, இது தொட்டுக்கிட்டுத் திங்கதுன்னு முதல்லேருந்து சொல்லிக் கொடுக்கத் தெம்பு கிடையாது. பியூலா ஊருக்கே போயிருவோம்னா. ஊர்ல யாரு இருக்கா? அம்மா அப்பா போயாச்சு. வீட்ட தம்பி வித்துட்டான்.

ஆனா தொகிதா சான் முத்திரை குத்தல. இங்க கையெழுத்து கிடையாதுல்லா, பேரு வெட்டின முத்திரைதான். ஒருத்தர் பாக்கி இருந்தாலும் யாருக்கும் பணம் வராது. ஒவ்வொருத்தரா எல்லாரும் குத்தியாச்சு. இவரு மட்டும் மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா "யோசிக்கேன்"ம்பாரு.

கடைத்தெரு சங்கத்துத் தலைவரு யாசுதான்னு, செருப்புக் கடை. தொகிதாவும் அவரும் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டாளி. வாரா வாரம் மெத்தைக் கடையில உக்காந்து ரெண்டு பேரும் ஷோகி ஆடுவாங்க. நம்ம செஸ் மாதிரி ஒண்ணு. யாசுதா சானுக்கு முழங்கால் போச்சு, பணம் வந்தா ஆபரேஷன் பண்ணிட்டு நிம்மதியா இருக்கலாம்னு இருந்தாரு. கூட்டாளி ஒருத்தனால எல்லாருக்கும் தடங்கல்னா கோவம் வராதா? வந்துது. ஆட வாரத நிறுத்திட்டாரு. தெருவுல பாத்தா அந்தப் பக்கமாப் போவாரு. மத்தவங்களும் அப்படித்தான். குளிக்கப் போற பொதுக் குளியல் தொட்டி இருக்குல்லா, தொகிதா சான் இறங்கினா மத்தவங்க ஏறிருவாங்களாம். அத எங்கிட்ட வந்து அவரு சொல்லல. வேற ஆளு சொல்லிச்சு.

ஒருநா சாயங்காலம் கடை முன்னாடி நின்னு உள்ள பாத்தேன். பலகைய விரிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு பக்கத்துக் காயையும் அவரே நகத்திக்கிட்டிருந்தாரு. இந்தப் பக்கம் ஒண்ணு நகத்திட்டு, எந்திரிச்சுப் போயி அந்தப் பக்கம் உக்காந்து அங்கேருந்து நகத்துதாரு. பாக்கச் சங்கடமாத்தான் இருந்துது. ஆனா பிடிவாதம் பிடிச்சா அனுபவிக்கணும்லா? நான் என் கடைக்குப் போயிட்டேன்.

கடைசியில யாசுதா சான் எங்கிட்ட வாராரு. "நியானா சான், நீ சொன்னா அவன் கேப்பான்"ங்காரு.

"நானா? என் மூஞ்சியப் பாத்தாலே அவருக்கு ஆகாது"ன்னேன்.

அந்த ஆளு என்னைய ஒரு மாதிரியா, இம்புட்டு முட்டாளான்னு பாக்க மாதிரி பாத்தாரு. "சரி, நீ சமையலப் பாரு"ன்னுட்டுக் கம்ப ஊனிக்கிட்டுப் போயிட்டாரு. எதுக்கு அப்படிப் பாத்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

அப்புறந்தான் அந்தக் கூட்டம். அதுதான் தம்பி, நான் சொல்லவந்த விசயமே.

ஹால்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க. நானும் பியூலாவும் கடைசி வரிசை. ஓக்குபோ படம் போட்டுக் காட்டுதான். கீழ்த்தளத்துல கடைங்க வருமாம். சாப்பாட்டுக் கடைன்னா காபி, ரொட்டி, கேக் மாதிரி லேசான சமையல் மட்டுந்தானாம். எண்ணெய், புகைன்னு வார சமையலுக்கு அனுமதி இல்லையாம். மேல குடியிருக்கவங்களுக்குத் தொந்தரவாம். ரொம்பச் சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

தொகிதா சான் எந்திரிக்காரு. வருசக்கணக்கா எந்தக் கூட்டத்துலயும் வாயத் திறக்காத மனுசன்.

"ஓக்குபோ சான், நியானா சான் கடுகு தாளிச்சு நீங்க மோந்திருக்கீங்களா?"

அவன் திருதிருன்னு முழிக்கான். ஹால் மொத்தமும் திரும்பி என்னையப் பாக்கு.

"நான் மோந்திருக்கேன். தினமும். அது சுவரத் தாண்டும். பஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிடும். எந்தச் சோப்புக்கும் போவாது. மழை நாள்ல இன்னும் மோசம். நீங்க படத்துல காட்டுத குழாய் அதுக்குக் காணவே காணாது. கீழேருந்து மொட்டை மாடி வரைக்கும் பெருசா ஒரு புகைபோக்கி வேணும். அதப் படத்துல வரைஞ்சு கொண்டாங்க. அதுக்கப்புறம் முத்திரையப் பத்திப் பேசலாம்."

சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? ஊரு கூடியிருக்க எடத்துல, என் சமையல் நாறுதுன்னு, அதுவும் விளக்கமா, எங்கெங்க போயி உக்காருதுன்னு வரைக்கும் சொல்லுதாரு. பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துது. பக்கத்துல பாத்தா பியூலா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுக் கண்ணீரா விடுதா. பாவம், அவளுக்கும் அவமானம். வெளிய வந்ததும், "போயி அவரு கையப் பிடிச்சுக்கிடுங்க"ங்கா. "எதுக்கு, முறுக்கவா?"ன்னேன். அவ தலையில அடிச்சுக்கிட்டா.

மறுநாளிலேருந்து நான் அவரோட பேச்ச நிறுத்திட்டேன். காலையில வந்து நின்னு "இன்னைக்குமா"ன்னா நான் பதில் சொல்ல மாட்டேன். அவரு கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போவாரு. ஆனா வராம இருக்க மாட்டாரு. அந்தப் பழக்கத்த மட்டும் விடல.

கம்பெனிக்காரன் முடியாது முடியாதுன்னு மாசக்கணக்கா இழுத்தான். பெரிய பெரிய ஆளெல்லாம் வந்து தொகிதா சான் முன்னாடி மண்டி போட்டு உக்காந்து டீ குடிச்சுட்டுப் போனாங்க. அவரு அசையல. கடைசியில ஓக்குபோ புதுப் படம் கொண்டாந்தான். கீழ்த்தளத்துல மூலைக் கடை. அதுக்குப் பின்னாடி மொட்டை மாடி வரைக்கும் புகைபோக்கி. அன்னைக்கே தொகிதா சான் முத்திரை குத்திட்டாரு. பணம் வேண்டாம், எடம் வேணும்னு. இந்த வயசுல எடத்து மேல எவ்வளவு ஆசை பாத்தீங்களா? மக அழுதிருக்கா. கேக்கவேயில்ல.

இடிச்சாங்க, கட்டினாங்க. அது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மத்தியானச் சாப்பாடு செஞ்சு கொடுத்து நான் ஓட்டினேன். யாசுதா சான் ஆபரேஷன் முடிஞ்சு மெதுவா நடக்காரு. புதுக் கட்டடம் திறந்தாச்சு. மூலைக் கடை எனக்கு, வாடகைப் பத்திரமெல்லாம் கம்பெனி ஆபீசுலயே முடிச்சுட்டாங்க. புகைபோக்கி எப்பேர்ப்பட்டதுன்னு நீங்க வந்து பாக்கணும் தம்பி, ஒரு மாட்டையே உள்ள இழுத்துரும். நான் தாளிச்சா எனக்கே வாடை தெரியமாட்டேங்கு.

அடுத்த கடை சும்மா கிடந்துது. மெத்தைக் கடை வரும், பழைய கணக்கெல்லாம் பேசித் தீத்துக்கிடுவோம்னு நான் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒருநா போர்டு மாட்டுதாங்க. பாத்தா மூக்குக் கண்ணாடிக் கடை. யாரோ என்னமோ. ஓக்குபோவப் பிடிச்சுக் கேட்டேன், தொகிதா சான் எடம் எதுன்னு. "நீங்க இருக்கீங்கல்ல, அதுதான். அவருக்கு அது ஒண்ணுதான்"ங்கான். அவரு எப்பவோ மக வீட்டுக்குப் போயிட்டாராம். எங்கிட்ட சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல தம்பி! வருசக்கணக்கா தினமும் வாசல்ல வந்து நின்ன மனுசன், போறேன்னு சொல்லிட்டுப் போக வேண்டாமா? அதத்தான் கேக்கப் போறேன். மக கிட்டதான் விலாசம் வாங்கினேன். ஸ்டேஷனுக்கெல்லாம் வர வேண்டாம், நானே தேடி வருவேன்னு சொல்லிருக்கேன்.

என்ன பாக்கீங்க? சும்மா சொல்லுங்க.

எனக்காகவா? நீங்களும் பியூலா கட்சியா? அவளும் இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. தனக்கு மெத்தை விக்க எதுக்குப் புகைபோக்கின்னு கேக்கா. என்ன கேள்வி! வாடை பிடிக்காதவரு புகைபோக்கி கேக்கத்தான் செய்வாரு.

சரி, உங்க பேச்சுக்கே வருவோம். எனக்காகத்தான் செஞ்சாருன்னே வச்சுக்கிடுவோம். அப்போ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? சொல்லிருந்தா நான் வேண்டாம்னிருப்பேன். உங்க கூட்டாளியப் பகைக்காதீங்க, மக கூடப் போயி இருங்க, நான் எங்கயாவது போயிப் பொழைச்சுக்கிடுதேன்னு சொல்லிருப்பேன். நிச்சயமாச் சொல்லிருப்பேன். பியூலாவும்...

அதான் சொல்லல போல.

இல்ல, இல்ல. அவ்வளவு யோசிக்க ஆளெல்லாம் இல்ல அவரு. உங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஸ்டேஷன்தான் நான் இறங்கணும். இந்தப் பைய எடுத்துக்கிட்டு எந்திரிக்கேன். கருவேப்பிலை வேணும்னா ஹிராமுரேவுக்கு வாங்க, தொட்டியில வளத்து வச்சிருக்கேன், உங்களுக்குத் தாரேன். ஸ்டேஷன் வந்துட்டு. அந்தா பாருங்க, பாருங்க, தூணுக்குப் பக்கத்துல. சாம்பல் கலர் கோட்டு. வர வேண்டாம்னு சொன்னேன்லா? கடக்கரைக் காத்து இந்த அடி அடிக்கு, தலைக்குக் குல்லாகூட இல்லாம வந்து நிக்காரு பாருங்க, இந்த வயசுல. எவ்வளவு நேரமா நிக்காரோ.

இருக்கட்டும். இதையும் சேத்துக் கேக்கேன்.